உதயகிரிக் கோட்டையில் கேட்ட கேள்விகள்: போர் எப்படி மாறியது, போர் அறம் என்ன ஆனது?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சாலையில் போனால், தக்கலைக்குச் சற்று முன்னால் புலியூர்க்குறிச்சி. உதயகிரிக் கோட்டை அங்கேதான். உள்ளே இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. முக்கால்வாசிப் பேர் மான் பார்க்கத்தான் வருகிறார்கள். வந்த இடத்தில் கூரை இல்லாத ஒரு பழைய தேவாலயமும் அதற்குள் கல்லறைகளும் கண்ணில் படும். கேள்விகள் அங்கிருந்து தொடங்கும். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் என்பதால் பிள்ளைகளையும் வெளியூர் உறவுகளையும் இங்கே கூட்டி வருவது வழக்கம். ஒரே பதிலைப் பலமுறை சொல்லியாகிவிட்டது. எழுதி வைத்தால் தொண்டையாவது மிச்சமாகும்.

கல்லறையில் இருப்பவர் யார்? வெள்ளைக்காரருக்கு நம் கோட்டைக்குள் என்ன வேலை?

யூஸ்டாக்கியஸ் டி லனாய். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்தவர். 1741-இல் குளச்சலில் இறங்கிய டச்சுப் படை, ஆகஸ்ட் மாதம் மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படையிடம் சரணடைந்தது. பிடிபட்டவர்களில் இவரும் ஒருவர். மன்னர் இவர் தலையை வாங்கவில்லை, வேலைக்கு வைத்துக்கொண்டார். துப்பாக்கிப் பயிற்சி, பீரங்கி வார்ப்பு, கோட்டை கட்டுவது எல்லாம் இவர் பொறுப்பில் வந்தது. ‘வலிய கப்பித்தான்’ (பெரிய கேப்டன்) என்று பெயர் எடுத்து, 1777-இல் இறக்கும்வரை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே இருந்தார். கல்லறைக் கல்லில் லத்தீனும் உண்டு, தமிழும் உண்டு. பக்கத்தில் மனைவிக்கும் மகனுக்கும் கல்லறைகள். மகன் களக்காட்டுச் சண்டையில் அடிபட்டு இறந்த இளைஞன்.

ஒருமுறை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், “அப்போ இவரு கட்சி மாறினவரா சார்?” என்றான். நல்ல கேள்விதான். இன்றைய சட்டப்படி, பிடிபட்ட கைதியைக் கட்டாயப்படுத்தித் தன் படையில் சேர்ப்பது கடும் போர்க்குற்றம். 1949-ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தம் அப்படிச் சொல்கிறது. டி லனாயைக் கட்டாயப்படுத்தினார்களா? பதவி, குடும்பம், அத்தனை ஆண்டுகள் என்று பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஆனால் சிறையில் இருப்பவனிடம் ‘உனக்குச் சம்மதமா’ என்று கேட்டால் அவன் சொல்லும் ‘சரி’ எவ்வளவு சுத்தமான சரி என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் உண்டு. கம்பெனிப் படை, ஐரோப்பாவில் பல நாட்டு ஆட்களைக் கூலிக்குச் சேர்த்த படை. சம்பளம் தருபவன் மாறினால் போர்வீரன் மாறுவது அன்று பெரிய அதிசயம் இல்லை. நாட்டுக்காக உயிரைக் கொடுப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்ற எண்ணம் பரவியது அதற்கு ஐம்பது ஆண்டு கழித்து, பிரெஞ்சுப் புரட்சி 1793-இல் நாட்டையே படைக்கு அழைத்தபோது. அதற்குப் பிறகுதான் கட்சி மாறுவது இவ்வளவு பெரிய பாவமாயிற்று.

குளச்சலில் மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கி போலத் தோளில் வைத்து நின்றார்களாமே? அது ஏமாற்று வேலை இல்லையா?

எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் கதை இது. மன்னர் மீனவர்களைக் கரையில் வரிசையாக நிறுத்தினார், தோளில் துடுப்பு. மாட்டு வண்டியில் பனந்தடியை ஏற்றிக் கடலைப் பார்த்துச் சாய்த்து வைத்தார்கள். கப்பலிலிருந்து பார்த்தவனுக்குத் துப்பாக்கிப் படையும் பீரங்கி வண்டியுமாகத் தெரிந்தது. வாய்வழிக் கதைதான், ஆவணம் காட்டச் சொல்லி மல்லுக்கு நிற்க வேண்டாம். ஆனால் போர் அறத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைத்ததில்லை.

முதலில், எதிரியைக் குழப்புவதில் தப்பு இல்லை. போர்ச் சட்டம் தந்திரத்தை அனுமதிக்கிறது. பொய்ப் பாசறை, பொய்ப் பீரங்கி, பொய்ச் செய்தி எல்லாம் தந்திரம். தடை செய்திருப்பது நம்பிக்கைத் துரோகத்தை. வெள்ளைக் கொடி காட்டி, நம்பிப் பக்கத்தில் வந்தவனைச் சுடுவது, செஞ்சிலுவை வண்டியில் குண்டு ஏற்றிப் போவது போன்றவை. இரண்டுக்கும் வித்தியாசம் எளிது. பனந்தடியைப் பீரங்கி என்று நம்பியவன் ஒரு சண்டையில் ஏமாந்தான். வெள்ளைக் கொடியை நம்பியவன் ஏமாந்தால், அடுத்த முறை உண்மையிலேயே சரணடைய வருபவனை யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் கதையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. கப்பலில் இருந்தவன் சுட்டிருந்தால்? துடுப்பு திருப்பிச் சுடாது. நின்றவர்கள் காலையில் வலை வீசப் போக வேண்டிய ஆட்கள். அவர்களைப் படைவீரர்களாகக் காட்டிய நொடியே அவர்கள் குறியாகிவிட்டார்கள். சண்டை போடுபவனையும் போடாதவனையும் பிரித்துப் பார் என்பதுதான் இன்றைய போர்ச் சட்டத்தின் அடித்தளம். அந்த எல்லைக்கோட்டை அன்று மன்னர் கடற்கரை மணலிலேயே அழித்துவிட்டார்.

மீன்பிடிப் படகுக்கு என்று தனி விதியே உண்டு என்பது நம் கடற்கரையிலேயே பலருக்குத் தெரியாது. 1898-இல் ஸ்பெயினோடு நடந்த போரில் அமெரிக்கக் கடற்படை கியூபா பக்கத்தில் இரண்டு மீன்பிடிப் படகுகளைப் பிடித்து விற்றது. 1900-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது தவறு, கரையோர மீன்பிடிப் படகைப் போரில் பிடிக்கக்கூடாது என்பது பழைய வழக்கம் என்று தீர்ப்புச் சொன்னது. 1403-இல் ஓர் ஆங்கில அரசர் போட்ட ஆணை வரைக்கும் பின்னோக்கிப் போய் ஆதாரம் காட்டியிருக்கிறார்கள். 1907-இல் ஹேக் ஒப்பந்தத்திலும் அது எழுத்தில் ஏறியது. ஒரு நிபந்தனை, படகு போர் வேலையில் இறங்கினால் பாதுகாப்பு போய்விடும். துடுப்பைத் துப்பாக்கியாக்கினால் என்ன ஆகும் என்று இப்போது புரிகிறது அல்லவா?

சங்க காலத்தில் தமிழர்கள் அறத்தோடு போர் செய்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. புறநானூற்றின் 9-ஆம் பாட்டில், பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை பெறாதவர்கள் எல்லோரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், எங்கள் அம்பு வரப்போகிறது என்று முன்னறிவிப்புக் கொடுத்துப் போர் செய்யும் அரசனை நெட்டிமையார் பாடுகிறார். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. மேடையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

ஆறு பாட்டுத் தள்ளி 15-ஆம் பாட்டுக்கு வாருங்கள். அதே புலவர், அதே அரசன். தேர் ஓடிக் குழிந்த தெருவில் கழுதையைப் பூட்டி, பகைவன் ஊரை உழுது பாழாக்கினாய் என்று அங்கே புகழ்கிறார். விளைந்த வயலில் தேர் விட்டதும், குடிநீர்க் குளத்தில் யானையை இறக்கியதும் அதே பாட்டில் பெருமையாக வருகின்றன. ‘ஓடிப் போங்கள்’ என்று சொல்லித் தப்பவிட்ட அந்தப் பெண்களும் நோயாளிகளும் திரும்பி வந்து எந்த வயலில் அறுத்து, எந்தக் குளத்தில் குடிப்பார்கள்?

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எனக்கு அந்த இரண்டு பாட்டும் சேர்ந்து இருப்பதுதான் பெருமை. தொகுத்தவர் ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைக்கவில்லை. அப்புறம் அந்த விலக்குப் பட்டியலையும் ஊன்றிப் பாருங்கள். பசுவுக்கு இடம் உண்டு, உழவனுக்கு இல்லை. ‘யாரைத் தொடக்கூடாது’ என்ற பட்டியல் எல்லாக் காலத்திலும் உண்டு. விட்டுப்போன பெயர்களும் எல்லாக் காலத்திலும் உண்டு.

செத்தவன் உடம்பை என்ன செய்தார்கள்? அதற்கும் அறம் உண்டா?

இந்த மாவட்டத்தில் இதற்கு இரண்டு கதை உண்டு. நடுவே 170 ஆண்டு இடைவெளி.

முதல் கதை வில்லுப்பாட்டில் கேட்டது. நாகர்கோவிலை ஒட்டிய கணியாகுளத்தில், 1635-ஐ ஒட்டி, திருமலை நாயக்கரின் மதுரைப் படையோடு வேணாட்டுப் படை மோதியது. வேணாடு என்பது திருவிதாங்கூரின் பழைய பெயர். வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப்பிள்ளை தன் பக்கத்து ஆட்களாலேயே கைவிடப்பட்டு வெட்டுப்பட்டார். தலையை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய ஆள் காளி நாயர் தனியாக மதுரைக்குப் போய், நாயக்கர் முன்னால் நின்று, “என் தலைவன் தலையைக் கொடு” என்று கேட்டான். நாயக்கர் அந்தத் துணிச்சலை மெச்சி, தலையைப் பட்டில் பொதிந்து மரியாதையோடு கொடுத்தனுப்பினார். பாட்டுக்காரர் இந்த இடத்துக்கு வந்ததும் வில்லில் அடிக்கும் வேகத்தைக் குறைத்துவிடுவார். பந்தலில் முறுக்கு கடிக்கும் சத்தம்கூட நின்றுவிடும்.

இரண்டாவது கதை 1809. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய், திருவிதாங்கூரின் தலைமை அமைச்சர், ஆங்கிலேயக் கம்பெனிக்கு எதிராகக் கிளம்பினார். ஜனவரி 11-ஆம் தேதி, மக்களைக் கிளர்ச்சிக்கு அழைத்த குண்டறை அறிவிப்பு. பிப்ரவரி 10-ஆம் தேதி ஆங்கிலேயப் படை ஆரல்வாய்மொழி அரணைப் பிடித்தது. இப்போது காற்றாலைகள் சுற்றுகின்றனவே, அந்தக் கணவாய்தான். அப்புறம் உதயகிரியும் பத்மநாபபுரமும் போயின. மண்ணடியில் தளவாய் உயிரை விட்டார். ஆங்கிலேயர் அதோடு விட்டார்களா? உடலைத் திருவனந்தபுரம் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தொங்கவிட்டுக் காட்சிப்பொருள் ஆக்கினார்கள்.

தளவாய் பக்கமும் கை சுத்தம் இல்லை. கடல்வழி வந்து ஆலப்புழைப் பக்கம் சிக்கிய ஏறத்தாழ முப்பது ஆங்கிலச் சிப்பாய்களையும் அவர்களோடு இருந்த மருத்துவரையும் திருவிதாங்கூர் ஆட்கள் நீரில் தள்ளிக் கொன்றார்கள். கைதியைக் கொல்வது கைதியைக் கொல்வதுதான், யார் செய்தாலும்.

காலம் போகப் போக மனிதன் நாகரிகமாகிறான் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். தலையைப் பட்டில் பொதிந்தவர் முன்னவர், உடலைத் தொங்கவிட்டவர்கள் பின்னவர்கள். இறந்தவர் உடலை இழிவுபடுத்தக்கூடாது, முடிந்தால் உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்பது ஜெனீவா ஒப்பந்தங்களிலும் இருக்கிறது. காளி நாயருக்கு யாரும் அதைப் படித்துக் காட்டவில்லை.

துப்பாக்கியும் பீரங்கியும் வந்ததும் என்ன மாறியது?

எல்லோரும் ஆயுதத்தைச் சொல்வார்கள். நான் பணத்தைச் சொல்வேன். வாளும் ஈட்டியும் களரியில் பழகியவனிடம் சொந்தமாக இருந்தன. ஊர்த் தலைவர் கூப்பிட்டால் வருவான், முடிந்ததும் வயலுக்குப் போவான். துப்பாக்கிப் படை அப்படி இல்லை. தினமும் பயிற்சி, மாதச் சம்பளம், வெடிமருந்து, கொல்லுப்பட்டறை. உதயகிரிக்குள்ளேயே பீரங்கி வார்த்தார்கள். செலவுக்கு? மார்த்தாண்ட வர்மா மிளகு வணிகத்தை முழுக்க அரசின் கையில் எடுத்தார். ஊர்த் தலைவர்கள் தயவில் இருந்த அரசன், சம்பளப் படை கைக்கு வந்ததும் அவர்களையே அடக்கினான். போர் முறை மாறியதும் ஆட்சி முறையே மாறிப்போனது.

மார்த்தாண்ட வர்மா நல்லவரா, கெட்டவரா?

பரீட்சையில் இந்தக் கேள்வி வராது. குளச்சலில் ஓர் ஐரோப்பிய வல்லரசை மண்ணைக் கவ்வ வைத்தவர், சரி. எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற ஊர்த் தலைவர்களை ஒழித்தபோது ஆண்களைக் கொன்றதோடு நிற்காமல், அவர்கள் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரையில் பிறர் கையில் ஒப்படைத்தார் என்று திருவிதாங்கூர் வரலாறுகளே சொல்கின்றன. கொல்லத்தையும் காயங்குளத்தையும் பிடித்தது நியாயமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து நாட்டைப் பிடிப்பது அரசனுக்கு இலட்சணம். அது சட்டவிரோதம் ஆனது நேற்றுத்தான், 1928-இல் ஓர் ஒப்பந்தம், அப்புறம் 1945-இல் ஐ.நா. சாசனம்.

முன்பு வீரர்கள் மட்டும் செத்தார்கள், இப்போதுதான் பொதுமக்கள் சாகிறார்களா?

இல்லை. கழுதை பூட்டி உழுத ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துப்போகப்பட்டார்கள் என்று அசோகரே கல்லில் வெட்டி வைத்தார். வென்றவன் தன் வெற்றியை நினைத்து வருந்தி எழுதியது உலகத்தில் அபூர்வம்.

மாறியது தூரம். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. எங்கேயோ இரங்கூனில் நடந்தது, இங்கே கல்குளத்தில் அடுப்பு அணைந்தது. திருவிதாங்கூர் பர்மா அரிசியை நம்பி இருந்த நாடு. கப்பல் நின்றதும் பஞ்சம். வங்காளத்தில் 1943-இல் செத்தவர்கள் ஏறத்தாழ முப்பது லட்சம். எங்கள் வீட்டில் பெரியவர்கள் அந்த ஆண்டுகளை ‘மரச்சீனிக் காலம்’ என்றுதான் சொன்னார்கள். மரச்சீனி என்றால் மரவள்ளிக்கிழங்கு. மரச்சீனியை அவித்து, மீன் கிடைத்தால் மீன், இல்லாவிட்டால் காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கி. இன்று அதே மரச்சீனியும் மீனும் ஹோட்டலில் ஸ்பெஷல்! ஒரு குண்டுகூட விழாத ஊரில் போர் வயிற்றில் விழுந்த கதை அது. ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் தனியாக விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஜெனீவா ஒப்பந்தம் என்பது என்ன? எல்லோருக்கும் பொதுவா?

1859-இல் இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் காயம்பட்டவர்கள் கேட்பாரற்றுக் கிடந்ததைப் பார்த்த ஹென்றி துனான்ட் என்ற சுவிஸ் வணிகரின் முயற்சியில், 1864-இல் முதல் ஒப்பந்தம் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பவை 1949-இன் நான்கு. காயம்பட்ட வீரர், கடற்படையினர், கைதிகள், பொதுமக்கள் என்று ஆளுக்கொன்று. இந்தியா ஏற்றுக்கொண்டு 1960-இல் தனிச் சட்டமும் போட்டது. 1977-இன் கூடுதல் நெறிமுறைகளில் இந்தியா சேரவில்லை.

பொதுவா என்றால், தொடக்கத்தில் இல்லை. டம்டம் குண்டு தெரியுமா? உடம்புக்குள் போனதும் விரிந்து கிழிக்கும் குண்டு. கல்கத்தா பக்கத்து டம்டம் தொழிற்சாலையின் பெயர்தான். 1899-இல் ஹேக்கில் அதைத் தடை செய்யப் பேசியபோது, ஐரோப்பியன் குண்டு பட்டால் விழுந்துவிடுவான், காட்டுமிராண்டி விழமாட்டான், ஆகவே எங்களுக்கு இது வேண்டும் என்ற தொனியில் பிரிட்டன் தரப்பு வாதாடியது. காட்டுமிராண்டி யார் என்று கேட்க வேண்டாம்.

மேலிடத்து உத்தரவு என்றால் சிப்பாய் என்ன செய்வான்?

ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் பிள்ளையைச் சுட்டவர்கள் உத்தரவின்படி சுட்டவர்கள். டி லனாய் வழியாகக் கிறிஸ்தவரான அரண்மனை அலுவலர் அவர். 2022-இல் புனிதர் பட்டம் பெற்றார். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், சுட்டவர்கள் பெயர் யாருக்கும் வேண்டாம். உத்தரவு என்ற சாக்கு குற்றத்தைக் கழுவாது என்று உரக்கச் சொன்னது 1945-46 நியூரம்பர்க் விசாரணை. கையில் துப்பாக்கியோடு வரிசையில் நிற்கும் இருபது வயதுப் பையனுக்கு அது எவ்வளவு உதவும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

போர் வந்தால் கூடங்குளம் அணு உலையில் குண்டு போட்டால் நம் கதி?

மே 2025 இந்தியா-பாகிஸ்தான் மோதலுக்குப் பிறகு அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. உலை பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தாலும் பயம் நம் மாவட்டத்துக்கும் உண்டு. இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று ஓர் ஒப்பந்தம் செய்தன. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக்கூடாது. அதன்படி 1992 முதல் ஜனவரி 1-ஆம் தேதி இரு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைக் கொடுத்து வாங்குகின்றன. கார்கில் போர் நடந்ததற்கு அடுத்த புத்தாண்டிலும் பட்டியல் போய் வந்தது.

இதில் வேடிக்கை, அணு மின்நிலையத்தைத் தாக்குவதைக் கட்டுப்படுத்தும் 1977 நெறிமுறையில் இந்தியாவும் இல்லை, பாகிஸ்தானும் இல்லை. ரஷ்யா, உக்ரைன் இரண்டும் அதில் இருக்கின்றன. ஆனாலும் 2022 மார்ச்சில் சப்போரிசியா அணுமின் நிலையத்தைச் சுற்றிச் சண்டை நடந்தது. பெரிய மண்டபத்தில் போட்ட கையெழுத்தைவிட, ஆண்டுக்கொருமுறை பக்கத்து வீட்டுக்காரன் நேரில் வந்து நினைவூட்டுவதற்குச் சில நேரம் வலு அதிகம் போலும்.

ட்ரோன் வந்த பிறகு வீரம், அறம் எல்லாம் காலியா?

அம்பு வந்தபோதும் வாள்காரன் இதைத்தான் சொல்லியிருப்பான். முதுகில் புண்பட்டதற்கு நாணி, வெண்ணிப் போருக்குப் பின் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிர் விட்டான் சேர அரசன் பெருஞ்சேரலாதன். ட்ரோனை இயக்குபவனுக்கு முதுகிலும் புண் இல்லை, மார்பிலும் புண் இல்லை, திரைதான்.

தூரத்திலிருந்து கொல்வது தன்னாலேயே பாவம் என்று நான் நினைக்கவில்லை. மணிக்கணக்கில் மேலே நின்று பார்த்து, குழந்தை தெரிந்தால் குண்டை நிறுத்தவும் முடியும். பீரங்கிக்கு அந்த வசதி இல்லை. என் கவலை வேறு. யாரைக் கொல்வது என்று கருவியே முடிவு செய்தால், தப்பு நடந்தபின் யாரைக் கூண்டில் ஏற்றுவது? ஜெனீவாவில் 2014 முதல் இதைப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அப்புறம் குளச்சல் துடுப்பு. மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தோளில் இருப்பது துடுப்பா துப்பாக்கியா? 1741-இல் கப்பலில் இருந்தவன் தப்பாகப் பார்த்ததில் நாம் பிழைத்தோம். இன்று அதே தப்பைக் கருவி பார்த்தால், கரையில் நிற்பவன் பிழைக்கமாட்டான்.

இதையெல்லாம் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும், திங்கட்கிழமை வராதீர்கள், பத்மநாபபுரம் அரண்மனைக்கு அன்று விடுமுறை. காலையில் உதயகிரி, வெயில் ஏறுமுன் கல்லறை. அங்கிருந்து அரண்மனை பக்கம்தான். மதியம் குளச்சல் போனால் வெற்றித் தூணையும் பார்க்கலாம், மீனும் சாப்பிடலாம். சாயங்காலம் கன்னியாகுமரிக்குப் போகும் வழியில் வட்டக்கோட்டை, அதன் திருத்த வேலையிலும் டி லனாய் கை உண்டு. மதில்மேல் ஏறினால் கடல், காற்று, கருமணல். அங்கே கண்ணில் படுபவர்கள் பெரும்பாலும் செல்ஃபி எடுப்பவர்கள். கல்யாண போட்டோகிராஃபர் யாராவது, “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்பார். தள்ளி நின்றுவிடுங்கள்.